இணையம் எந்தப் படியில் நிற்கிறது? புதியவர்களுக்கு ஒரு சோதனை வரிசை

ரவுட்டரை அணைத்துப் போடுவதற்கு முன்னால் பத்து நிமிடம் பொறுங்கள். அணைத்துப் போட்டால் பாதி நேரம் சரியாகிவிடும், மறுப்பதற்கில்லை. ஆனால் என்ன கெட்டிருந்தது என்பதற்கான தடயமும் அதோடு அழிந்துவிடும். அடுத்த வாரம் அதே கோளாறு வந்து நிற்கும்போது உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

ஒரு பக்கம் திறக்க கேபிள், முகவரி, வழி, பெயர், போர்ட், கடிகாரம் என்று பல ஏற்பாடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்க வேண்டும். எது சரிந்தாலும் பிரவுசர் காட்டுவது ஏறக்குறைய ஒரே மாதிரியான பக்கத்தைத்தான். அதனால் பிரவுசரை நம்பாமல், அடியிலிருந்து ஒவ்வொரு படியாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே மேலே வர வேண்டும். விதி ஒன்றுதான்: முதலில் பார்ப்பது, பிறகு மாற்றுவது. மாற்றும்போதும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும். நான்கை ஒன்றாக மாற்றிச் சரியாகிவிட்டால், எது சரிசெய்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

கட்டளைகளை டெர்மினல் சாளரத்தில் (விண்டோஸில் 'கமாண்ட் பிராம்ப்ட்') அடிக்க வேண்டும். அவற்றைப் போனில் ஒருவருக்குச் சொல்வதுபோல எழுதியிருக்கிறோம். 'மைனஸ்' என்றால் சிறுகோடு, 'பிளஸ்' என்றால் கூட்டல் குறி, 'ஸ்லாஷ்' என்றால் சாய்கோடு. குறிக்கும் அதை ஒட்டி வரும் எழுத்துக்கும் நடுவில் இடைவெளி கிடையாது. தனியாகச் சொல்லாத இடத்தில் எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்துதான்.

படி 1: கம்பி

லினக்ஸில் 'ஐபி லிங்க்' என்று அடியுங்கள். முதலில் வரும் 'லோ' உங்கள் கணினி தன்னோடு தானே பேசிக்கொள்ளும் வழி, அதை விட்டுவிடுங்கள். அடுத்து வருவது கேபிள் கார்டு அல்லது வைஃபை. அந்த வரியில் 'நோ-கேரியர்' என்று இருந்தால் கேபிளின் மறுமுனையில் உயிர் இல்லை. இயங்குதளத்தில் எந்த அமைப்பை மாற்றினாலும் பயன் இல்லை. கேபிளையோ சுவிட்ச் போர்ட்டையோ மாற்ற வேண்டும்.

கேபிள் முழுதாகச் சாகாமல் பாதி செத்துக் கிடப்பதும் உண்டு. நொடிக்கு 1000 மெகாபிட் வேகத்துக்குக் கேபிளுக்குள் இருக்கும் 4 ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு 2 ஜோடி போதும். ஒரு ஜோடி அறுந்தால் பல கார்டுகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். 'ஈத்டூல்' என்று அடித்து கார்டின் பெயரைக் கொடுத்தால் 'ஸ்பீட்' வரியில் இது தெரியும். "இணையம் வருகிறது, ஆனால் மெதுவாக" என்ற புகாருக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

படி 2: முகவரி

லினக்ஸில் 'ஐபி அட்ரஸ்', விண்டோஸில் 'ஐபிகான்ஃபிக் ஸ்லாஷ் ஆல்'. தெரியும் எண் 192.168 என்றோ, 10 என்றோ, 172.16 முதல் 172.31 வரையிலோ தொடங்கினால் உள்வலைக்குள் முகவரி கிடைத்திருக்கிறது. 169.254 என்று தொடங்கினால் கிடைக்கவில்லை. முகவரி தருபவர் யாரும் பதில் சொல்லாததால் கணினி தானாக ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். லினக்ஸ் கணினிகள் பலவற்றில் அதுகூட இருக்காது, முகவரி வரியே காணாது.

முகவரி தரும் சேவையின் பெயர் டிஎச்சிபி. வீட்டில் ரவுட்டரே அதைச் செய்கிறது. கணினி "யாராவது இருக்கிறீர்களா" என்று வலை முழுக்கக் கேட்கும். சர்வர் "இந்த எண் இருக்கிறது" என்று சொல்லும். கணினி "அதையே கொடுங்கள்" என்று கேட்கும். சர்வர் "எடுத்துக்கொள்" என்று முடிக்கும். நான்கே செய்திகள், சர்வர் பக்கம் யுடிபி போர்ட் 67, கணினி பக்கம் 68 (இங்கே போர்ட் என்பது செய்தி எந்தச் சேவைக்கு என்று சொல்லும் கதவு எண்; யுடிபி, டிசிபி இரண்டும் செய்தி அனுப்பும் முறைகள்). முகவரி சொந்தமாகக் கிடைப்பதில்லை, வாடகைக்குத்தான். வாடகைக் காலம் பாதி கழிந்ததும் கணினி புதுப்பிக்கக் கேட்கும். பதில் இல்லை என்றால் 87.5 சதவீதம் கழிந்ததும் எந்த சர்வராவது தரட்டும் என்று மறுபடி எல்லோரிடமும் கேட்கும். 'காலையில் இருந்தது, மதியம் போய்விட்டது' என்ற வகைக் கோளாறு பலவும் இங்கேதான் பிறக்கிறது: டிஎச்சிபி காலையிலேயே செத்திருக்கும், வாடகை தீரும் வரை யாருக்கும் தெரிந்திருக்காது.

இங்கே நடக்கும் இன்னொரு விபத்து, ஒரே வலையில் இரண்டு டிஎச்சிபி. யாரோ ஒருவர் வைஃபை எட்டவில்லை என்று பழைய ரவுட்டர் ஒன்றைக் கொண்டுவந்து அதன் லேன் (உள்வலை) துளையில் கேபிளைச் செருகிவிடுவார். அது முதல் இரண்டு ரவுட்டரும் முகவரி கொடுக்கும். யார் பதில் முதலில் வந்ததோ அதைக் கணினி எடுத்துக்கொள்ளும். பாதிக் கணினிகளுக்கு இணையம் வரும், பாதிக்கு வராது. அணைத்துப் போட்டால் பாதி இடம் மாறும். வேலை செய்யும் கணினியையும் செய்யாத கணினியையும் பக்கத்தில் வைத்து 'டீஃபால்ட் கேட்வே' எண்ணை ஒப்பிடுங்கள். வேறு வேறாக இருந்தால் ஆள் அகப்பட்டுவிட்டார். பழைய ரவுட்டரில் டிஎச்சிபியை அணைத்தால் போதும், அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை.

முகவரியைப் புதிதாகக் கேட்க விண்டோஸில் 'ஐபிகான்ஃபிக் ஸ்லாஷ் ரிலீஸ்', பிறகு 'ஐபிகான்ஃபிக் ஸ்லாஷ் ரென்யூ'. தொலைவிலிருந்து உள்ளே நுழைந்திருக்கும் கணினியில் முதல் கட்டளையைத் தட்டிவிடாதீர்கள். முகவரி போனதும் நீங்களும் வெளியே வந்துவிடுவீர்கள். இரண்டாவதைத் தட்ட வழி இருக்காது.

படி 3: வாசல்

லினக்ஸில் 'ஐபி ரவுட்' என்று அடித்தால் 'டீஃபால்ட்' என்று தொடங்கும் வரி ஒன்று வரும். அதில் 'வயா' என்பதற்கு அடுத்துள்ள எண்தான் கேட்வே, உங்கள் உள்வலையின் வாசல். அதற்கு பிங் செய்யுங்கள், அதாவது 'இருக்கிறாயா' என்று கேட்டுப் பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். லினக்ஸில் 'பிங் மைனஸ் சி 4' என்று எண்ணிக்கை கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் நீங்களாக நிறுத்தும் வரை ஓடும். விண்டோஸ் 4 முறையோடு தானே நிறுத்திக்கொள்ளும். கேபிளில் பதில் பெரும்பாலும் 1 மில்லிசெகண்டுக்குள் வரும், வைஃபையில் சில மில்லிசெகண்டுகள் ஆகும். வைஃபையில் நான்கில் ஒன்று 3, அடுத்தது 400 என்று துள்ளினால் பிரச்சினை காற்றில் இருக்கிறது, இணையத்தில் இல்லை. அடுத்து வரும் படிகளை அப்போது பார்க்கவே வேண்டாம்.

'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்ற பதில் உங்கள் முகவரியிலிருந்தே வந்தால், "இந்த எண் யாருடையது" என்று வலைக்குள் கேட்டதற்கு ஒருவரும் கை தூக்கவில்லை என்று அர்த்தம். 'ஐபி நெய்பர்' என்ற கட்டளை அந்தப் பட்டியலைக் காட்டும். 'ஃபெயில்டு' என்றால் கேட்வே காணவில்லை. 'ஸ்டேல்' என்று பார்த்துப் பதற வேண்டாம். கொஞ்ச நேரமாகப் பேசவில்லை என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

டீஃபால்ட் வரி இரண்டு இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். கேபிளும் வைஃபையும் ஒருசேர இணைந்திருந்தால் இரண்டு இருக்கும். 'மெட்ரிக்' எண் சிறியது எதுவோ அதுவே ஜெயிக்கும். லினக்ஸின் நெட்வொர்க்மேனேஜர் வழக்கமாகக் கேபிளுக்கு 100, வைஃபைக்கு 600 கொடுக்கிறது. இணையமே இல்லாத ஒரு கேபிளைச் செருகியதும் நன்றாக ஓடிக்கொண்டிருந்த வைஃபையும் சேர்ந்து நின்றுவிட்டதுபோல் தோன்றுவது இதனால்தான். பழுதடைந்துவிட்ட விபிஎன் (இணையத்தின் வழியே வேறொரு வலைக்குப் போடும் மறைகுறியிட்ட இணைப்பு) விட்டுச்சென்ற டீஃபால்ட் வரியும் இதே வேலையைச் செய்யும்.

படி 4: வெளியே ஒரு எண்

பெயரைத் தொடாமல் எண்ணுக்கே பிங் செய்யுங்கள்: 'பிங் 1.1.1.1' அல்லது 'பிங் 8.8.8.8' அல்லது 'பிங் 9.9.9.9'. மூன்றும் பொதுமக்களுக்கான டிஎன்எஸ் (பெயரை எண்ணாக மாற்றும்) சேவைகள், எளிதில் விழாதவை. கேட்வே பதில் சொல்கிறது, இந்த மூன்றில் ஒன்றும் சொல்லவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் ரவுட்டருக்கு அப்பால்தான். இணையச் சேவை தருபவரைக் கூப்பிடும் நேரம். எண்ணுக்குப் பதில் வருகிறது, பெயருக்கு வரவில்லை என்றால் நேராகப் படி 5.

பிங் பற்றி ஒரு எச்சரிக்கை. பதில் வந்தால் வழி இருக்கிறது என்பது உறுதி. வரவில்லை என்றால் வழி இல்லை என்பது உறுதி அல்ல. பிங்குக்குப் பதில் சொல்லக் கூடாது என்று அடைத்து வைத்த சர்வர்கள் ஏராளம். வழியில் உள்ள ரவுட்டர்களை வரிசையாகக் காட்டும் 'டிரேஸ்ரவுட்' கட்டளையின் நட்சத்திரங்களும் அப்படித்தான்: நடுவில் மூன்று நட்சத்திரம் விழுந்து, அதற்கு அடுத்த வரிகளில் எண்கள் ஒழுங்காக வந்தால் அந்த நடு ரவுட்டர் பேச விரும்பவில்லை, அவ்வளவே. ஒரு இடத்தில் தொடங்கிக் கடைசி வரை நட்சத்திரமாகவே போனால்தான் கவனிக்க வேண்டும்.

படி 5: பெயர்

இங்கே கொஞ்சம் நின்று போக வேண்டும். மற்ற எல்லாப் படிகளையும்விடப் புதியவர்களை அதிகம் ஏமாற்றுவது இதுதான்.

பெயரை எண்ணாக மாற்றுவது டிஎன்எஸ். 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் இதை வடிவமைத்தார். அதற்கு முன் எல்லாக் கணினிகளின் பெயரும் ஒரே கோப்பில் இருந்தன, அதை எல்லோரும் நகலெடுத்து வைத்துக்கொண்டார்கள். அந்தக் கோப்பின் வாரிசு இன்னும் உங்கள் கணினியில் இருக்கிறது. லினக்ஸில் 'ஈடிசி' அடைவுக்குள் 'ஹோஸ்ட்ஸ்' என்ற கோப்பு. விண்டோஸில் 'சிஸ்டம்32' அடைவுக்குள் 'டிரைவர்ஸ்', அதற்குள் 'ஈடிசி', அதற்குள் அதே பெயர். டிஎன்எஸ்ஸைக் கேட்பதற்கு முன் இயங்குதளம் வழக்கமாக இதைத்தான் பார்க்கும். சோதனைக்காக என்றோ ஒருவர் எழுதிவிட்டு மறந்த ஒரு வரி, சர்வர் இடம் மாறிய பிறகும் அந்தக் கணினியை மட்டும் பழைய எண்ணுக்கே அனுப்பிக்கொண்டிருக்கும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. 'டிக்', 'என்எஸ்லுக்அப்' என்ற டிஎன்எஸ் சோதனைக் கட்டளைகள் இரண்டும் ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்ப்பதில்லை. நேராக டிஎன்எஸ் சர்வரிடம் போய்க் கேட்கும். அதனால் டிக் சரியான எண்ணைச் சொல்லும், புரோகிராம் தப்பான எண்ணுக்குப் போகும். புரோகிராம் பார்ப்பதை நீங்களும் பார்க்க லினக்ஸில் 'கெட்டென்ட் ஹோஸ்ட்ஸ்' என்று அடித்துப் பெயரைக் கொடுங்கள். கெட்டென்ட்டும் டிக்கும் வேறு வேறு சொன்னால் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறங்கள். போதாக்குறைக்குச் சில பிரவுசர்கள் இயங்குதளத்தைக் கேட்காமல் எச்டிடிபிஎஸ் வழியாகத் தாங்களே டிஎன்எஸ் கேட்டுக்கொள்ளும். பிரவுசரில் மட்டும் திறக்கிறது அல்லது பிரவுசரில் மட்டும் திறக்கவில்லை என்றால் அந்த அமைப்பைப் பாருங்கள்.

இப்போது 'டிக் எக்ஸாம்பிள் டாட் காம்' என்று அடியுங்கள். இருபது வரிபோல் வந்து விழும். நான்கு இடங்களைப் பார்த்தால் போதும்.

முதலாவது, மேலே 'ஸ்டேட்டஸ்' என்ற சொல்லுக்கு அடுத்து இருப்பது. 'நோஎரர்' என்றால் பதில் வந்தது. 'என்எக்ஸ்டொமைன்' என்றால் அப்படி ஒரு பெயரே இல்லை. எழுத்துப் பிழையாகவோ, பதிவைப் புதுப்பிக்காமல் விட்ட டொமைனாகவோ இருக்கலாம். 'சர்வ்ஃபெயில்' என்றால் கேட்டுத் தரப் போன சர்வர் வழியில் தோற்றது. பெயர் இருக்கிறதா இல்லையா என்பதை இந்தப் பதில் சொல்லவில்லை. 'ரெஃப்யூஸ்டு' என்றால் அந்த சர்வர் உங்களுக்குப் பதில் சொல்ல மறுக்கிறது. இந்த நான்கையும் 'டிஎன்எஸ் எரர்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டால் மீதிச் சோதனை வீண்.

'நோஎரர்' வந்தும் 'ஆன்சர்' எண்ணிக்கை 0 என்று இருக்கலாம். பெயர் இருக்கிறது, நீங்கள் கேட்ட வகைப் பதிவு இல்லை. ஐபி பதிப்பு 4-க்கான 'ஏ' பதிவு இல்லாமல், மின்னஞ்சலுக்கான 'எம்எக்ஸ்' மட்டும் வைத்திருக்கும் டொமைன்களில் இப்படி வரும்.

இரண்டாவது, பதில் வரியில் பெயருக்கும் எண்ணுக்கும் நடுவில் உள்ள நொடிக் கணக்கு. அதுதான் டிடிஎல், பதிலை எவ்வளவு நேரம் கையில் வைத்துக்கொள்ளலாம் என்ற அனுமதி. சில நொடி விட்டு மறுபடி டிக் அடியுங்கள். 300 இருந்தது 287 ஆனால் நீங்கள் பார்ப்பது நடுவில் சேமித்து வைத்த பதில். உண்மையான சர்வரிடமிருந்து இப்போது வந்தது அல்ல. சர்வரை இடம் மாற்றப் போகிறவர்கள் மாற்றுவதற்கு முன்பே டிடிஎல்லைக் குறைக்க வேண்டும். எவ்வளவு முன்பே என்றால், பழைய டிடிஎல் எவ்வளவோ அவ்வளவு நேரம். 86400 நொடி என்றிருந்தால் ஒரு நாள் முன்னதாக 300 ஆக்குங்கள், மறுநாள் எண்ணை மாற்றுங்கள். மாற்றிய பிறகு குறைப்பது, ஏற்கெனவே ஒரு நாளைக்குச் சேமித்துக்கொண்டவர்களை ஒன்றும் செய்யாது.

'இல்லை' என்ற பதிலும் சேமிக்கப்படும். இது பலருக்குத் தெரிவதில்லை. புதிய பெயர் ஒன்றைப் பதிவு செய்வதற்கு முன்னாலேயே ஆர்வத்தில் பிரவுசரில் அடித்துப் பார்த்தால், 'அப்படி எதுவும் இல்லை' என்பதை உங்கள் டிஎன்எஸ் சர்வர் நினைவில் வைத்துக்கொள்ளும். எவ்வளவு நேரம் என்பதை அந்தப் பெயருக்கு மேலே உள்ள டொமைனின் (எடுத்துக்காட்டாக 'காம்') 'எஸ்ஓஏ' என்ற நிர்வாகப் பதிவு தீர்மானிக்கிறது. பதிவு செய்து முடித்த பிறகும் உங்களுக்கு மட்டும் திறக்காது, உலகத்துக்கே திறக்கும். முதலில் பதிவு, பிறகு சோதனை.

மூன்றாவது, கீழே 'க்வெரி டைம்'. சேமித்த பதில் என்றால் ஒற்றை இலக்க மில்லிசெகண்டுகள். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஐந்து நொடி விறைத்து நின்று, அப்புறம் சடசடவென்று ஓடுகிறதா? லினக்ஸில் 'ஈடிசி' அடைவிலுள்ள 'ரிசால்வ் டாட் கான்ஃப்' கோப்பைப் பாருங்கள். அதில் முதலாவதாக எழுதியிருக்கும் நேம்சர்வர் செத்திருக்கும். இயங்குதளம் அதனிடம் கேட்டு 5 நொடி காத்திருந்து, அப்புறம்தான் இரண்டாவதிடம் போகிறது. அந்த 5 நொடி முன்னிருப்பு அளவு. கோப்பில் அதிகபட்சம் 3 சர்வர்களுக்குத்தான் மதிப்பு. நான்காவதை எழுதினால் கண்டுகொள்ளாது.

அந்தக் கோப்பைக் கையால் திருத்தலாமா? திருத்தலாம், ஆனால் நிலைக்காது. பெரும்பாலான கணினிகளில் வேறொரு சேவை அதை எழுதுகிறது. அடுத்த முறை முகவரி புதுப்பிக்கும்போது உங்கள் திருத்தத்தை அழித்துவிட்டுத் தன்னுடையதை எழுதிவிடும். கோப்புக்குள் 127.0.0.53 என்று இருந்தால் 'சிஸ்டம்டி-ரிசால்வ்டு' நடுவில் உட்கார்ந்திருக்கிறது. உண்மையான சர்வர்களை அறிய 'ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்' என்று கேளுங்கள். மாற்றத்தையும் நெட்வொர்க் அமைப்பில்தான் செய்ய வேண்டும்.

நான்காவது, 'சர்வர்' வரி. பதில் சொன்னது யார் என்று அதில் இருக்கும். கோளாறு யாருடையது என்று பிரிக்க அதே கேள்வியை வேறொரு சர்வரிடம் கேளுங்கள்: டிக் என்று அடித்து, 'அட்' குறியை ஒட்டி 9.9.9.9, பிறகு பெயர். அங்கே பதில் வந்தால் உங்கள் டிஎன்எஸ் சர்வர்தான் நோயாளி. அங்கேயும் சர்வ்ஃபெயில் என்றால் அந்த டொமைனின் பக்கம் கோளாறு. அப்போது 'டிக் பிளஸ் டிரேஸ்' உதவும். ஏ முதல் எம் வரை பெயரிட்ட 13 வேர் சர்வர்களில் தொடங்கி, 'காம்' சர்வர்கள், பிறகு அந்த டொமைனின் சொந்த சர்வர்கள் என்று வழி முழுவதையும் காட்டும். எந்த வரியோடு நிற்கிறதோ அதற்கு அடுத்தவர் பதில் சொல்லவில்லை. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் 6 மணி நேரம் காணாமல் போனபோது நடந்தது இதுதான். அதன் டிஎன்எஸ் சர்வர்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன; அவற்றுக்குப் போகும் வழி உலக ரவுட்டிங் அட்டவணையிலிருந்து நீங்கிவிட்டது. கேட்டவர்களுக்கெல்லாம் சர்வ்ஃபெயில்.

'பிளஸ் சிடி' சேர்த்தால் மட்டும் பதில் வருகிறது, இல்லாவிட்டால் சர்வ்ஃபெயில் என்றால் டிஎன்எஸ்செக் (டிஎன்எஸ் பதில் போலியல்ல என்று காட்டும் கையொப்ப முறை) சரிபார்ப்பு தோற்கிறது. அந்த டொமைனின் கையொப்பம் காலாவதியாகியிருக்கலாம், அல்லது சரிபார்க்கும் சர்வரின் கடிகாரம் தவறாக இருக்கலாம். கடிகாரத்தைப் பற்றிப் படி 8-இல் பார்ப்போம்.

ஃபயர்வால் (எந்தப் போக்குவரத்தை விடுவது, எதைத் தடுப்பது என்று பார்க்கும் காவல்) அமைப்பவர்களுக்கு ஒன்று: டிஎன்எஸ்ஸுக்கு யுடிபி போர்ட் 53 மட்டும் திறந்தால் போதாது. பதில் பெரிதாகி யுடிபியில் அடங்காவிட்டால் டிசிபி போர்ட் 53-இல் மறுபடி கேட்பார்கள். அதை மூடி வைத்தால் பெரும்பாலான பெயர்கள் திறக்கும், சில மட்டும் திறக்காது. பார்க்கிறவருக்குப் பேய் வேலைபோல் இருக்கும்.

படி 6: போர்ட்

எண் தெரிந்தது, சர்வரில் கதவு திறந்திருக்கிறதா? லினக்ஸில் 'கர்ல் மைனஸ் வி' என்று அடித்து முழு முகவரியைக் கொடுங்கள். விண்டோஸின் பவர்ஷெல்லில் 'டெஸ்ட்-நெட்கனெக்ஷன்', பெயர், 'மைனஸ் போர்ட் 443'.

'கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு' உடனே வரும். அதைப் பார்த்தால் சந்தோஷப்படுங்கள்: கணினி இருக்கிறது, வழி இருக்கிறது, அந்தப் போர்ட்டில் கேட்டுக்கொண்டிருக்க ஆள்தான் இல்லை. பெரும்பாலும் வெப் சர்வர் நின்றிருக்கும். 'டைம்டு அவுட்' வேறு கதை. நடுவில் யாரோ பாக்கெட்டை (தரவின் சிறு பொதியை) வாங்கிக்கொண்டு வாய் திறக்காமல் போட்டுவிடுகிறார், வழக்கமாக ஃபயர்வால். லினக்ஸ் விட்டு விட்டு மறுபடி மறுபடி தட்டிப் பார்த்து, கைவிட ஏறக்குறைய 2 நிமிடம் எடுத்துக்கொள்ளும். எவ்வளவு நேரத்தில் தோற்றது என்பதே பாதி விடை.

சர்வர் உங்களுடையது என்றால் அதற்குள் நுழைந்து 'எஸ்எஸ் மைனஸ் டிஎல்என்பி' என்று அடியுங்கள். எந்த புரோகிராம் எந்த முகவரியில், எந்தப் போர்ட்டில் காத்திருக்கிறது என்று காட்டும். 0.0.0.0:80 என்றால் எல்லா வாசலிலும் கேட்கிறது. 127.0.0.1:80 என்றால் அந்தக் கணினிக்குள்ளிருந்து வருபவர்களுக்கு மட்டும். "சர்வருக்குள் சோதித்தால் வேலை செய்கிறது, வெளியிலிருந்து வரவில்லை" என்ற புகார் வந்தால் ஃபயர்வாலைக் கிளறுவதற்கு முன் இந்த ஒரு வரியைப் பாருங்கள்.

படி 7: சின்னது போகிறது, பெரியது போகவில்லை

பிங் போகிறது, பெயர் கிடைக்கிறது, போர்ட் திறக்கிறது, பக்கம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் முறை) உள்ளே விடுகிறது. நீளமான பட்டியல் ஒன்றைக் கேட்டதும் உறைந்துவிடுகிறது. இது பாக்கெட் அளவுப் பிரச்சினை.

ஈத்தர்நெட்டில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை போகலாம். பிபிபிஓஇ முறையில் (பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் முறை) இணைப்பு வந்தால் அது 8 பைட்டைத் தின்றுவிடும், மீதி 1492. விபிஎன் இன்னும் தின்னும். வயர்கார்டு என்ற விபிஎன்னின் வழக்கமான அளவு 1420. அளவு மீறிய பாக்கெட் வந்தால் நடு ரவுட்டர் "பெரிதாக இருக்கிறது, குறைத்து அனுப்பு" என்று ஐசிஎம்பி (வலை நிலைமையை அறிவிக்கும், பிங்கும் பயன்படுத்தும் முறை) செய்தி திருப்பி அனுப்ப வேண்டும். பாதுகாப்பு என்று சொல்லி ஐசிஎம்பி முழுவதையும் அடைத்தவர் அந்தச் செய்தியையும் சேர்த்தே அடைத்திருப்பார். அனுப்புபவர் அதே பெரிய பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருப்பார்.

சோதிக்க, லினக்ஸில் 'பிங் மைனஸ் எம் டூ மைனஸ் எஸ் 1472 1.1.1.1', இதில் எம் மட்டும் பெரிய எழுத்து, 'டூ' என்பது எண் அல்ல, டி, ஓ என்ற இரண்டு எழுத்துகள். விண்டோஸில் 'பிங் மைனஸ் எஃப் மைனஸ் எல் 1472 1.1.1.1'. 1472-உடன் தலைப்பு 28 பைட் சேர்ந்தால் 1500. போகவில்லை என்றால் 1464 கொடுங்கள். போனால் உங்கள் பாதை 1492. அதுவும் போகாவிட்டால் பத்துப் பத்தாகக் குறையுங்கள். போகும் பெரிய எண்ணோடு 28-ஐக் கூட்டி அதை ரவுட்டரிலோ விபிஎன் அமைப்பிலோ 'எம்டியு' என்ற இடத்தில் எழுதுங்கள்.

இதே மாதிரி மயக்கும் இன்னொன்று, பாதி வேலை செய்யும் ஐபி பதிப்பு 6, அதாவது பதிப்பு 4-க்குப் பின் வந்த புதிய முகவரி முறை. பிரவுசர்கள் பதிப்பு 6-இல் முயன்று, கால் நொடிபோல் பார்த்துவிட்டுப் பதிப்பு 4-க்குத் தாவிவிடும். உங்களுக்குத் தெரியவே தெரியாது. அந்தச் சாமர்த்தியம் இல்லாத புரோகிராம்கள் நிமிடக்கணக்கில் நிற்கும். 'கர்ல் மைனஸ் 4', 'கர்ல் மைனஸ் 6' இரண்டையும் தனித்தனியாக ஓட்டினால் வெளுத்துவிடும்.

படி 8: கடிகாரம்

எல்லாத் தளங்களும் ஒரே நாளில் சான்றிதழ்ப் பிழை காட்டினால் தளங்களைச் சந்தேகிக்காதீர்கள், மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள். தளம் உண்மையானது என்று காட்டும் ஒவ்வொரு சான்றிதழுக்கும் தொடக்க நாள், முடிவு நாள் உண்டு. கடிகாரம் அதற்கு வெளியே இருந்தால் நல்ல சான்றிதழும் கள்ளச் சான்றிதழாகத் தெரியும். 30 நொடிக்கு ஒருமுறை மாறும் உள்நுழைவு எண்களும் ஏற்கப்படாது.

லினக்ஸில் 'டைம்டேட்சிடிஎல்' என்று அடித்தால் 'சிஸ்டம் க்ளாக் சிங்க்ரனைஸ்டு' என்ற வரியில் 'யெஸ்' (ஆம்) வர வேண்டும். உள்ளூர் நேரத்தைப் பார்க்காமல் 'யுனிவர்சல் டைம்' வரியைப் பாருங்கள். அது சரியாக இருந்து உள்ளூர் நேரம் மட்டும் தவறென்றால் நேர மண்டலத்தை மாற்றினால் போதும். அதற்காகக் கடிகாரத்தை முன்பின் நகர்த்தினால் இருந்ததும் கெடும். ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு, ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறும்போதெல்லாம் நேரம் மணிக்கணக்கில் தள்ளிப்போகும். போர்டில் உள்ள கடிகாரத்தில் விண்டோஸ் உள்ளூர் நேரத்தை வைக்கிறது, லினக்ஸ் உலக நேரத்தை வைக்கிறது. இரண்டில் ஒன்றை மாற்றி இரண்டையும் ஒத்துப்போக வைக்க வேண்டும்.

நேரம் தரும் சேவை என்டிபி, யுடிபி போர்ட் 123. லினக்ஸில் க்ரோனி என்ற என்டிபி சேவை ஓடினால் 'க்ரோனிசி டிராக்கிங்' என்று கேளுங்கள், எவ்வளவு வித்தியாசம் என்று சொல்லும். ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரத்தை அது சட்டென்று தாவ விடாது, மெல்ல மெல்ல இழுக்கும். நேரம் பின்னால் தாவினால் டேட்டாபேஸ்கள் குழம்பும் என்பதால் இந்தப் பொறுமை. அவசரம் என்றால் 'க்ரோனிசி மேக்ஸ்டெப்'. பழைய என்டிபிடி இன்னும் கறாரான ஆள்: வித்தியாசம் 1000 நொடிக்கு மேல் போனால், ஏதோ பெரிய தவறு என்று முடிவுகட்டித் தானே நின்றுவிடும். சேவை ஓடுகிறதா என்று பார்க்காமல் நேரம் ஏன் சரியாகவில்லை என்று காத்திருப்பவர்கள் உண்டு.

பேட்டரி வைத்த கடிகாரம் இல்லாத சிறு கணினிகளில் ஒரு முடிச்சு விழும். மின்சாரம் போய் வந்ததும் கடிகாரம் பழைய தேதியில் எழுந்திருக்கும். நேரம் கேட்க வேண்டும்; நேர சர்வரின் பெயரை டிஎன்எஸ்ஸில் தேட வேண்டும்; அதே கணினி டிஎன்எஸ்செக் சரிபார்க்கிறது என்றால் பழைய தேதியில் எல்லாக் கையொப்பமும் செல்லாது; பெயர் கிடைக்காது; பெயர் இல்லாமல் நேரம் கிடைக்காது. அவிழ்க்க, நேர சர்வர்களில் ஒன்றைப் பெயராக எழுதாமல் எண்ணாக எழுதி வையுங்கள். உங்கள் ரவுட்டரே என்டிபி தரும் என்றால் அதன் எண்ணே போதும்.

அடுத்தவரிடம் ஒப்படைக்கும்போது

கோளாறு உங்கள் பக்கம் இல்லை என்று தெரிந்தால், இணையச் சேவைக்காரருக்கோ சர்வர் நிர்வாகிக்கோ இவற்றை எழுதி அனுப்புங்கள்: நேர மண்டலத்தோடு சோதித்த நேரம், உங்கள் முகவரியும் கேட்வேயும், கேட்வேக்கும் 1.1.1.1-க்கும் பிங் பதில். இரண்டு வேறு டிஎன்எஸ் சர்வர்களிடம் கேட்ட டிக் வெளியீடு முழுதாக. கர்ல் சொன்ன கடைசி வரி, எழுத்து மாறாமல். படமாக அல்ல, எழுத்தாகவே நகலெடுத்து ஒட்டுங்கள், அங்கே இருப்பவர் அதிலிருந்தே எண்களை எடுத்துத் தேடுவார். இரண்டாவது இணைப்பு ஒன்றிலிருந்து, மொபைல் டேட்டாவாக இருந்தாலும் சரி, அதே சோதனையை ஓட்டி அதையும் சேர்த்தால் "உங்கள் ரவுட்டரை அணைத்துப் போடுங்கள்" என்ற முதல் பதிலைப் பெரும்பாலும் தாண்டிவிடலாம்.